சைவக் குடும்பத்துக்கு வீடு இல்லை

சுண்ணாம்புமேட்டில் வீட்டுக்காரர்கள் யாரும் மண்ணுக்கு மேலே இல்லை. ஏழு கோடி வருடத்துக்கு முன்னால் செத்து, எலும்பெல்லாம் கல்லாகிப் போன பிராணிகள்தான் அங்கே வீட்டுக்காரர்கள். மேலே இருப்பவர்கள் எல்லோரும் குடித்தனக்காரர்கள். வீட்டுக்காரர்கள் அத்தனை பேரும் கறி தின்னிகள் என்பதால், சைவக் குடும்பத்துக்கு வீடு விடுவதில்லை. சாம்பார் வாசனை தரைக்குள் இறங்கினால் அவர்களுக்குத் தலை வலிக்கும். பாவம், அவர்களைக் குறை சொல்லியும் பயனில்லை.

வேம்பரசிக்கு ஏழாம் மாதம். சிமெண்ட் ஆலையில் லாரிக்கு எடை போடும் புருஷன் தனக்கோடியோடு ஆறு வீடு ஏறி இறங்கிவிட்டாள். இருப்பதோ கொழுந்தனார் வீட்டு மாடிப்படிக்கு அடியில். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கால் நீட்ட முடியாது. அங்கே பச்சைப் பிள்ளையை எங்கே போடுவது? நினைத்தாலே அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

ஏழாவது வீட்டைக் காட்டியவர் தரகர் சவரிமுத்து. வீட்டுக்காரர் முப்பதடி நீளம், அரிவாள் அரிவாளாய்ப் பல், ஆனால் தங்கமான மனுஷர் என்றார். வீடு பார்க்க வருகிறவர்கள் அங்கேயே அடுப்பு மூட்டி ஒரு வேளை சமைத்துக் காட்டுவது ஊர் வழக்கம். தனக்கோடிக்குத் தான் பெரிய சாமர்த்தியசாலி என்று நினைப்பு. ஆட்டுக்கறி வாங்கி வந்து, வேம்பரசியை மூக்கைப் பொத்திக்கொண்டு குழம்பு வைக்கச் சொன்னான்.

தரகர் தரையில் காதை வைத்தார். இது என்ன கறி என்று வீட்டுக்காரர் கேட்டார். ஆடு என்ற ஒன்றை அவர் கண்டதே இல்லை. அவர் காலத்தில் இந்த அடுப்படியில்தான் ஆறு கடலோடு கலந்தது. கிழக்குச் சுவர் வரைக்கும் அலை வரும். ஆமைகள் முட்டையிட ஏறும். அதுகளைத் தின்றுதான் வளர்ந்தாராம். கொஞ்ச நேரம் பழைய கதை பேசிவிட்டு, குழம்பில் உப்பு பார்த்தது யார் என்று கேட்டார்.

யாரும் பார்க்கவில்லை. தனக்கோடி சுவரைப் பார்த்தான். போச்சு, இதுவும் போச்சு என்று வேம்பரசிக்குத் தெரிந்துவிட்டது. இனி மறைத்து என்ன ஆகப்போகிறது?

"ஐயா, நாங்க ரெண்டு பேரும் கறி தொடமாட்டோம்" என்றாள். "வயித்துல இருக்கறது என்ன திங்கும்னு எங்களுக்கு இன்னும் தெரியலீங்க."

தரகர் காதை இன்னும் அழுத்தி வைத்துக் கேட்டார். பிறகு சவரிமுத்து காதைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"புள்ள பேருல எழுதச் சொல்றாரு."

பத்திரத்தை வேம்பரசியின் வயிற்றின் மேல் விரித்து மையைத் தடவினார்கள். உள்ளேயிருந்து ஒரு சின்னப் பெருவிரல் வந்து அழுந்தியது. மை காயும் வரை வேம்பரசி மூச்சை அடக்கிக்கொண்டு, கண்ணீரை மட்டும் விட்டுவிட்டாள்.

வீட்டில் யார் யார் இருக்கலாம் என்பது இனி குடித்தனக்காரர் விருப்பம். அம்மா இருக்கட்டும் என்று பிள்ளை அன்று மாலையே சொல்லிவிட்டது. அப்பாவைப் பற்றி, பிறந்து பார்த்துவிட்டுச் சொல்வதாகச் சொன்னது. தனக்கோடி சரி என்று தலையாட்டிவிட்டு, வாசற்படியில் போய் உட்கார்ந்துகொண்டான்.