வெள்ளி பூசிய கை

பழைய சாமான் மார்க்கெட்டில் எல்லோரும் எதையாவது தேடுவார்கள். லிஃப்ட் மெக்கானிக் மட்டும் தேடமாட்டார், பார்வையிடுவார். ஓடும் மோட்டாரின் மேல் திருப்புளியை வைத்து, அதன் பிடியைக் காதோடு பொருத்திக் கண்ணை மூடிக்கொள்வது அவர் வழக்கம். அதனால் ஊரே அவரை டாக்டர் என்றது. கிண்டலாகச் சொன்னார்கள் என்பது அவருக்கு மட்டும் எட்டவே இல்லை.

அன்று அவர் பார்வையிட வந்தது ஒரு பிரேக் கை. லிஃப்டின் மோட்டார்ச் சக்கரத்தை இரு பக்கமும் கவ்விப் பிடிக்கும் வார்ப்பிரும்புக் கைகளில் ஒன்று. அந்த மாடலைச் செய்த கம்பெனியை இழுத்து மூடிப் பல வருஷமாகிறது. இனிக் கிடைத்தால் இந்தச் சந்தில்தான். ஆள் போனால் கைவண்டி நிற்க வேண்டும், கைவண்டி வந்தால் ஆள் கடைக்குள் ஏற வேண்டும், அப்படிப்பட்ட சந்து.

வண்டி ஓட்டி வந்த பாவத்துக்கு, அவர் மனைவியின் தம்பி பையைச் சுமந்துகொண்டு பின்னால் வந்தான்.

"மாமா, இந்தக் கடையை முன்னாடியே பாத்தாச்சு."

"அப்ப நீ பாத்த. இப்ப நான் பாக்கறேன்."

"காலையில அக்கா என்னமோ சொல்லிச்சே, அவங்க பில்டிங் லிஃப்டு நிக்கும்போது முனகுதுன்னு."

"அதுக்குத்தான் கேட்டேன், நான் டாக்டரா, உங்கக்கா டாக்டரான்னு. வாயை மூடிட்டா."

அக்காவுக்கு ஐந்தாவது மாடியில் ரெடிமேட் துணி தைக்கிற இடத்தில் வேலை. அந்தக் கட்டிடத்து லிஃப்டுக்குப் போன மாதம்தான் டாக்டர் பிரேக் கை மாற்றினார். அதுவும் இதே மார்க்கெட்டில் பார்வையிட்டு எடுத்ததுதான்.

கவிழ்த்துப் போட்ட மோட்டார்க் கூடு ஒன்றின் மேல் கடைக்காரர் உட்கார்ந்திருந்தார். மூக்குக்கண்ணாடியை நூலில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். டாக்டரைப் பார்த்ததும் ஒரு சாக்கைக் காலால் நகர்த்தினார்.

"உங்களுக்குன்னே எடுத்து வெச்சேன்."

சாக்கிலிருந்து வந்தது, தேடிய அதே கை. வெள்ளி பெயிண்ட் பூசி, கல்யாணப் பெண்ணைப் போல ஜொலித்தது. டாக்டர் அதைக் கையில் வாங்கி, எடை பார்த்து, தூரத்தில் பிடித்து, கிட்டத்தில் பிடித்து, "நல்ல வார்ப்பு" என்று தீர்ப்புச் சொன்னார். சொல்லிக்கொண்டே கட்டைவிரலை விளிம்பில் ஓடவிட்டார். விரல் ஓரிடத்தில் லேசாக இறங்கியது.

நகத்தால் சுரண்டினார். பெயிண்ட் உதிர்ந்தது. அதன் கீழே பட்டி வைத்து அடைத்திருந்தது. பட்டியும் உதிர்ந்ததும், பக்கத்துப் பக்கத்தில் சாய்வாக இரண்டு வெட்டு தெரிந்தது.

விரிசல் விட்ட கையைக் கழித்துப் போடும்போது முக்கோண அரத்தால் விளிம்பில் இப்படி இரண்டு வெட்டு போடுவது டாக்டர் ஒருவர்தான். அதற்கு 'டெத் சர்ட்டிஃபிகேட்' என்று பெயரும் வைத்திருந்தார். செத்ததை யாரும் மறுபடி மாட்டிவிடக் கூடாதாம்.

"போன மாசம் நான் வாங்கினது..."

"அதுவும் இதே சாக்குதான். அன்னைக்கும் இப்படித்தான் தூக்கிப் பிடிச்சுப் பாத்தீங்க. சுரண்டல."

மனைவிக்குப் போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. தைக்கிற இடத்தில் போனையெல்லாம் வாங்கிப் பெட்டியில் போட்டுவிடுவார்கள் என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது. சாப்பாட்டுக்கு எல்லோரும் கீழே இறங்கும் நேரம். அந்தக் கட்டிடத்து வாட்ச்மேனுக்குப் போட்டார்.

"லிஃப்டுல யாரையும் ஏத்தாத."

"யாரு, டாக்டரா? நீங்கதானே சார் உள்ள ஒட்டிட்டுப் போனீங்க, 'டாக்டர் பார்த்தது, தைரியமாக ஏறலாம்'னு. என்ன காரணம்னு ஓனருக்குச் சொல்லணுமே."

டாக்டர் சுற்றிலும் பார்த்தார். சந்து முழுக்கத் தெரிந்த முகங்கள். நாலு மெக்கானிக்குகள் வேலையை விட்டுவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள். சாதாரண நாளாயிருந்தால் 'தொழில்நுட்பக் காரணம்' என்று ஒரு போடு போட்டிருப்பார்.

"நான் மாட்டின கை விரிசல் விட்டது. நானே கழிச்சுப் போட்டது. பாக்காம மாட்டிட்டேன்."

"ஐயோ, இப்பதான் மேலேர்ந்து தையக்காரங்க ஏறிட்டாங்க, இறங்கிட்டிருக்கு. மெயினை அணைச்சிடவா?"

"வேண்டாம்!"

சந்தே திரும்பிப் பார்த்தது. ஓடுகிற லிஃப்டில் கரண்டை அணைத்தால், முழு வேகத்தில் அத்தனை பேரையும் தாங்கிப் பிடிக்க வேண்டியது அந்தக் கைதான்; தானாக நின்றால் மோட்டாரே முதலில் வேகத்தைக் குறைத்துவிடும்.

"அணைக்காத. தானா வரட்டும். கதவு திறந்ததும் எல்லாரையும் இறக்கிட்டு, திறந்த கதவுல ஸ்டூலைப் போடு. போனை வெக்காத."

மச்சான் பையைக் கீழே போட்டுவிட்டு அவர் தோளைப் பிடித்தான். கைவண்டிக்காரன் ஒருவன் வழி கேட்டுக் கத்தினான், யாரும் நகரவில்லை. டாக்டர் போனைக் காதில் அழுத்திக் கண்ணை மூடினார். தூரத்தில் மோட்டார் இரைந்தது. அப்புறம் இரைச்சல் தணிந்து, ஒரு முனகல். காலையில் வீட்டில் மனைவி அதே மாதிரி முனகிக் காட்டியிருந்தாள். இவர் சட்னி கேட்டார். முனகல் நீண்டது. நின்றது. ஒன்றுமே கேட்கவில்லை.

"இறங்கிட்டாங்க சார். ஸ்டூலைப் போட்டுட்டேன்."

"என் வீட்டுக்காரி?"

"அவங்க இதுல ஏது? நீங்க ரிப்பேர் பண்ணின நாள்லேர்ந்து படியிலதானே ஏறி இறங்குறாங்க. முட்டி வலிக்கு நல்லதுன்னு சொல்லுவாங்க."

மச்சானுக்குச் சிரிப்பு வந்தது. மாமாவின் முகத்தைப் பார்த்து அதை விழுங்கிக்கொண்டான். அவள் முட்டிவலிக்குத் தைலம் வாங்கி வந்தவர் டாக்டர்தான்.

டாக்டர் பையிலிருந்த ஹேக்சா பிளேடை எடுத்து, வெள்ளி பூசிய கையை விலை கேட்காமலே அறுக்க ஆரம்பித்தார். கடைக்காரர் தடுக்கவில்லை.

"ஒண்ணை அறுத்துட்டா ஆச்சா?" என்றார், கண்ணாடியைத் துடைத்தபடி.

பிளேடு நின்றது. "இந்த மாதிரி இன்னும் எத்தனை வித்திருக்கீங்க?"

"என்னைக் கேட்டா? நீங்க கழிச்சுப் போட்டது அத்தனையும் இங்கதான் வந்துச்சு."

கேட்டுக்கொண்டிருந்த நாலு மெக்கானிக்குகளில் ஒருவர், தன் மடியில் இருந்த பளபளப்பான பிரேக் கையின் விளிம்பில் மெல்லக் கட்டைவிரலை ஓட்டினார். விரல் பாதியில் நின்றுவிட்டது.

"வண்டியை எடு, மச்சான்" என்றார் டாக்டர்.

"எந்த பில்டிங்குக்கு, மாமா?"

இங்கே வாங்கி மாட்டிய பில்டிங்குகளை டாக்டர் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். எதை முதலில் சொல்வது என்று தெரியவில்லை.