விருந்தாளிக்குக் காட்டிய தண்ணீர்

தாரூதாந்த் நகருக்குப் போகும் சாலையோரத் தேநீர்க் கடையில் மஹ்ஜூப் வந்து உட்கார்ந்தால் போதும், புஜ்மாவுக்கு வாய் அரிக்கத் தொடங்கிவிடும்.

"வாங்க மச்சான். உங்க தோட்டத்து வழியாத்தான் வந்தேன். கோழியெல்லாம் புழுதியில புரண்டு குளிச்சுக்கிட்டிருக்கு. தண்ணி பாய்ச்சி எத்தனை மாசமாச்சு?"

"மண்ணுக்கு அடியில பாயுதுடா. எத்தனை தரம் சொல்றது?"

"அடியில பாயுறத யாரு பார்த்தா? பொண்ணு சொல்லுது, நீங்களும் தலையாட்டுறீங்க!"

கடையே சிரித்தது. மற்ற நாளாக இருந்தால் மஹ்ஜூப்பும் சேர்ந்து சிரித்திருப்பார். அன்று புதினாத் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டார். மறுநாள் அவருடைய மகள் யம்னாவைத் தன் மகனுக்குப் பெண் கேட்டு ஹாஜி தஹ்மான் குடும்பத்தோடு வருகிறார். மலையடிவாரத்தில் பெரிய ஆரஞ்சுத் தோப்புக்காரர் என்று பெயர் வாங்கிய மனிதர். வந்ததும் அவர் கண்ணில் முதலில் படப்போவது இந்தப் புழுதிதான். வீடு போய்ச் சேரும்வரை மஹ்ஜூப்புக்கு இதே நினைப்பு.

எங்கள் ஸூஸ் சமவெளியில் ஒருவனுடைய வசதியைத் தெரிந்துகொள்ள அவன் வீட்டுக்குள் போக வேண்டியதில்லை. வாய்க்காலில் தண்ணீர் மின்னினால் அவன் பெரிய ஆள். கிணற்று நீர் கீழே போகப் போக நாங்களும் குழாயைக் கீழே இறக்கிக்கொண்டே போனோம். பகட்டை மட்டும் ஒரு சாண்கூட இறக்கவில்லை.

யம்னா வேறு மாதிரிப் பிறவி. பெரிய பண்ணை ஒன்றில் தக்காளி பறிக்கும் கூலி வேலைக்குப் போனவள், அங்கே சொட்டுநீர்க் குழாயை மண்ணுக்குள் புதைப்பதைக் கண்டாள். மற்ற பெண்கள் நிழலில் உட்கார்ந்து ரொட்டி தின்னும் நேரத்தில் இவள் குழி வெட்டுகிறவர்களிடம் போய்க் கேள்வி மேல் கேள்வி கேட்டாள். கூலியில் நகை வாங்குவாள் என்று தாய் இஜ்ஜா காத்திருக்க, இவள் வண்டி நிறையக் கறுப்புக் குழாய்ச் சுருள்களோடு வந்து இறங்கினாள். குதிரைமசால் புல்லுக்கு ஆழமாக, வெங்காயத்துக்கு மேலாக, ஆரஞ்சு மரங்களுக்கு அடிமரத்தை விட்டுத் தள்ளி இருபுறமும் என்று பயிருக்குப் பயிர் வேறு வேறு கணக்கில் புதைத்தாள். வெங்காய நாற்று வேர் பிடிக்கும்வரை மட்டும் பூவாளியால் மேலேயும் தெளித்தாள். அதன்பிறகு தண்ணீர் வெயிலைப் பார்க்கவே இல்லை. களை குறைந்தது. புல்லை அறுக்கிற அன்றுகூட அடியில் ஈரம் போய்க்கொண்டிருந்ததால் மறுபடி சட்டென்று தழைத்தது, மாடுகள் வயிறு நிறையத் தின்றன. இறைக்கும் எஞ்சினுக்கு மாட்டும் காஸ் சிலிண்டர் முன்னைவிட இரண்டு மடங்கு நாள் வந்தது. இவ்வளவையும் ஒரு பெண் தன் கூலிக் காசில் செய்து காட்டினாளே, அவளை யார் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள்? புழுதியைப் பார்த்துச் சிரிக்கத்தான் ஊருக்குத் தெரிந்தது.

மறுநாள் விடிந்ததும் எஞ்சின் சத்தம் கேட்டு யம்னா ஓடி வந்தாள். மஹ்ஜூப் மண்வெட்டியோடு நின்றிருந்தார். தூர்ந்து கிடந்த பழைய வாய்க்காலின் வாயை வெட்டித் திறந்திருந்தார். தண்ணீர் நுரைத்துக்கொண்டு ஓடியது.

"அப்பா! என்ன பண்றீங்க?"

"விருந்தாளி வர்றாங்க. தோட்டம் தோட்டமாத் தெரியட்டும்."

"நாளைக்குப் புல் அறுக்கணும். சேத்துல எப்படி இறங்குறது? மரத்தடியில தண்ணி தேங்கினா பட்டை அழுகும்னு உங்களுக்கே தெரியும்."

"ஒரு நாள்ல ஒண்ணும் ஆயிடாது."

"கிணறு தாங்காதுப்பா!"

"எல்லாம் உனக்காகத்தான்டி செய்றேன். கட்டாந்தரையில நிக்க வச்சு உன்னைக் காட்டினா எவன் கட்டிக்குவான்?"

யம்னா உள்ளே போய்விட்டாள். தண்ணீர் ஆரஞ்சு மரங்களைச் சுற்றிக் குளம் கட்டியது, புல்லுக்குள் பரவியது. வேலிக் கள்ளிக்குப் பின்னால் இருந்த வெங்காயப் பாத்தியைத் தொடும் முன்பே எஞ்சின் இருமத் தொடங்கியது. குழாய் காற்றைத்தான் உறிஞ்சியது. மஹ்ஜூப் எஞ்சினை நிறுத்தினார். போகட்டும், பின்பக்கத்தை யார் பார்க்கப் போகிறார்கள் என்று மனதைத் தேற்றிக்கொண்டு குளிக்கப் போனார்.

வெயில் ஏறும் வேளையில் ஹாஜி தஹ்மான், அவர் மனைவி, மகன் அனீர் மூவரும் வந்து இறங்கினார்கள். அனீரின் கையில் பெண் வீட்டுக்குக் கொடுக்கும் சீராக மருதாணியும் நீலத்தாள் சுற்றிய சர்க்கரைக் கூம்புகளும் அடுக்கிய தட்டு. வேடிக்கை பார்க்கப் புஜ்மாவும் வந்து வேலியோரம் நின்றுகொண்டார். மஹ்ஜூப் விருந்தாளிகளை வாசலுக்கு அழைத்துப் போகாமல் வரப்பு வழியாக அழைத்துப் போனார்.

நாலடி போனதும் ஹாஜியாரின் மஞ்சள் செருப்பு சேற்றில் புதைந்தது. அப்பாவைப் பிடிக்க அனீர் கையை நீட்ட, தட்டு சரிந்தது. சர்க்கரைக் கூம்புகள் தொபுக்கென்று தண்ணீரில் விழுந்தன.

"பரவாயில்ல, பரவாயில்ல!" மஹ்ஜூப் பதறினார். "இங்க தண்ணிக்குப் பஞ்சமே இல்ல ஹாஜியார். பாருங்க, எப்படி நிக்குது!"

ஹாஜியார் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். செருப்பைக்கூட எடுக்கவில்லை.

"அப்படின்னா நான் வீடு மாறி வந்துட்டேன் போல," என்றார்.

மஹ்ஜூப்புக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"என் தோப்பு பெருசுன்னு கேள்விப்பட்டிருப்பீங்க. இப்ப அங்க மரம் இல்ல, விறகுதான் நிக்குது. ரோட்டுல போறவன் பார்த்து மூக்குல விரல் வைக்கணும்னு நானும் இப்படித்தான் தண்ணியைக் கட்டி நிறுத்துனேன். ஒரு கோடையில கிணறு கையை விரிச்சிடுச்சு. சந்தையில ஒருத்தர் சொன்னார், ஒரு வீட்டுல மேல புழுதி பறக்குது, மரமெல்லாம் பச்சையா இருக்கு, அந்த வீட்டுப் பொண்ணு செஞ்ச வேலைன்னு. அந்தப் புழுதியைப் பார்க்கத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். நீங்க அது மேல தண்ணியை ஊத்தி மூடி வச்சிருக்கீங்க."

சொல்லிவிட்டுத் திரும்பினார். வாசலில் இஜ்ஜா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மகளுக்கு நல்லது செய்வதாக நினைத்துத் தன் கையாலேயே கெடுத்துவிட்டோமே என்று மஹ்ஜூப் நின்ற இடத்திலேயே நொறுங்கிப் போனார்.

"ஹாஜியார், கொஞ்சம் நில்லுங்க."

யம்னா வெளியே வந்திருந்தாள். "புழுதி இருக்கு. எங்கப்பா முழுசா நனைக்கத்தான் பார்த்தாரு. கிணறு ஒத்துக்கல."

ஹாஜியாரின் மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. யம்னா அவர்களைக் கள்ளி வேலிக்குப் பின்னால் அழைத்துப் போனாள். வெங்காயப் பாத்தியின் மேல்மண் வெளுத்துக் கிடந்தது. தாள்கள் மட்டும் கரும்பச்சையாக விறைத்து நின்றன. அனீர் மண்டியிட்டு விரலால் தோண்டினான். விரல் குழாயைத் தொட்டுவிட்டு ஈர மண்ணோடு வெளியே வந்தது.

"இவ்வளவு மேலயே குழாய் இருக்கே?"

"வெங்காய வேர் சோம்பேறி. தேடிப் போகாது. நாமதான் வாயில ஊட்டணும். குதிரைமசால் அப்படியில்ல, எவ்வளவு கீழ வச்சாலும் போய்க் குடிச்சிடும்."

"ஆரஞ்சு?"

"அதுக்கு ரெண்டு பக்கமும் சாப்பாடு வேணும். ஆனா காலை நனைச்சா கோபம் வந்துடும்."

அனீர் சிரித்தான். ஹாஜியார் சிரிக்கவில்லை. ஆசையும் பயமுமாகக் கேட்டார்: "ஏம்மா, எங்க கிணறு பொழைக்குமா?"

"பொழைக்காது ஹாஜியார். செத்த கிணத்துக்குக் குழாய் மருந்தில்ல. வேற தண்ணி ஏதாவது இருக்கா?"

"ஓரத்துல ஒரு சின்னக் கிணறு இன்னும் மூச்சு விடுது."

"அது எத்தனை மரத்தைத் தாங்குமோ அத்தனை மட்டும் வைங்க. அதுக்குமேல ஆசைப்படாதீங்க. குழி தோண்ட ஆளிருக்கா?"

"நானே தோண்டுறேன்," என்றான் அனீர். யம்னா குனிந்து வெங்காயத் தாளைத் திருகினாள். அவள் முகத்தில் மலர்ந்த சிரிப்பை இஜ்ஜா பார்த்துவிட்டாள்.

பெண் பார்க்க வந்த பெரிய மனிதரின் முகம் பார்த்து ஒரு பொய் சொல்லியிருந்தால் காரியம் எளிதாக முடிந்திருக்கும். அவள் சொல்லவில்லை. குழாய் புதைத்ததைவிட எனக்குப் பெரிதாகப் படுவது அதுதான்.

இதற்குள் மஹ்ஜூப்பைக் காணவில்லை. புது அங்கியை இடுப்பில் செருகிக்கொண்டு, வாய்க்காலின் வாயில் மண்ணை வெட்டி வெட்டிப் போட்டுக்கொண்டிருந்தார்.

வேலியோரத்திலிருந்து புஜ்மா குரல் கொடுத்தார். "என்ன மச்சான், விருந்தாளியை உள்ள விட்டுட்டு வாய்க்காலைத் தூர்க்குறீங்க?"

மஹ்ஜூப் நிமிர்ந்தார். முகமெல்லாம் சேறு.

"நீ சிரிப்பியேன்னுதான் திறந்தேன்டா புஜ்மா. இனிமே நீ நல்லாச் சிரிச்சுக்கோ. தண்ணி வேருக்குத்தான், பார்க்கிறவன் கண்ணுக்கு இல்ல. ஊரு மெச்சணும்னு இன்னிக்கு நான் கொட்டுனது என் பேரப்புள்ளைங்க குடிக்க வேண்டிய தண்ணி."

பின்னாலிருந்து ஹாஜி தஹ்மான் ஒற்றைச் செருப்போடு வந்து, அவர் கையிலிருந்த மண்வெட்டியை வாங்கிக்கொண்டார்.

"நம்ம பேரப்புள்ளைங்கன்னு சொல்லுங்க சம்பந்தி," என்றார்.