கழற்றிய கண்ணி

அந்தக் கடையில் ஒரு சட்டம் உண்டு. கடிகாரச் செயினிலிருந்து கழற்றிய கண்ணியை அன்றைக்கே, அதற்குரியவர் கையிலேயே, சின்னப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுத்துவிட வேண்டும். "அடுத்தவன் கண்ணி நம்ம மேசையில தங்கக் கூடாது" என்பார் முதலாளி. ஏன் என்று கேட்டால் சொல்ல மாட்டார். நாளைக்கு வந்து காணோம் என்று சண்டை பிடிப்பார்கள், அதற்குத்தான் என்று அங்கே வேலை பார்த்த ஒத்தக்கண்ணு நினைத்துக்கொண்டிருந்தாள். நினைப்புதானே பிழைப்பைக் கெடுக்கிறது!

அவளுக்குக் கண் இரண்டும் நன்றாகத்தான் இருந்தன. நாள் முழுக்க வலக்கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு குனிந்தே கிடப்பதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. வீட்டில் அவளும் தம்பியும் மட்டும். இரண்டு வருடமாகத் தம்பிக்குத் தின்பது எதுவும் உடம்பில் ஒட்டவில்லை. எல்லாப் பரிசோதனையும் எடுத்தாயிற்று, ஒன்றுமில்லை என்றார்கள். ஒன்றுமில்லாமலா ஒருவன் எலும்பும் தோலுமாக ஆவான்? அவன் முகத்தில் சிரிப்பைப் பார்க்க வேண்டும் என்று, கடையில் ஒதுக்கிய உதிரிகளைச் சேர்த்து உயர்ந்த ரகக் கடிகாரம் இரண்டு கட்டினாள். ஒன்று தனக்கு, அச்சாக அதைப் போலவே ஒன்று அவனுக்கு. அவனுடையதற்குக் கண்ணிகள் போதவில்லை. அந்தக் குச்சிக் கையையே கடித்தது. "கைவிலங்கு நல்லா இருக்குக்கா. என்ன கேஸ்ல உள்ள போடுறே?" என்றான்.

ஒரு திங்கட்கிழமை காலையில் ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். அவர் ஓய்வு பெற்ற கப்பல் இன்ஜினீயர், நல்ல வாட்டசாட்டமான ஆள். மணிக்கட்டில் அதே ரகக் கடிகாரம், இது அசல். அந்த அம்மாதான் பேசினார்.

"வாட்ச் ஆடுதும்மா. ஆடினா எனக்குப் பிடிக்காது. ஒரு கண்ணிய எடுத்துடு."

"சுண்டுவிரல் நுழையுற அளவு லூஸ் இருக்கணும், மேடம். சாருக்கு சரியாத்தான் இருக்கு."

"கட்டிக்கிறவரே வாயத் திறக்கல, உனக்கென்ன?"

இன்ஜினீயர் சிரித்தார். "எடுத்துடும்மா. வீட்டுக்குப் போனா நான்தானே கேட்டுக்கணும்."

கொக்கியில் கீறல் விழாமல் டேப் ஒட்டினாள். ஸ்பிரிங் கம்பியை அழுத்திச் செயினைத் தனியே பிரித்து, கண்ணியின் ஓரத்திலிருந்த சின்னத் திருகைச் சூடு காட்டித் தளர்த்தினாள். ஒரு கண்ணி கழன்று வந்தது. மறுபடி திருகி, கடிகாரத்தில் பூட்டி, 'டிக்' என்ற சத்தம் கேட்டதும் ஒரு தடவை இழுத்துப் பார்த்தாள். உறையை நீட்டினாள்.

"இந்தக் குப்பை எனக்கெதுக்கு? நீயே வச்சுக்கோ" என்றார் அம்மா.

கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி இருந்தது அவளுக்கு. அன்று சாயங்காலமே அந்தக் கண்ணியைத் தம்பியின் செயினில் சேர்த்தாள். கடிப்பது நின்றது. அன்றைக்குத் தம்பி வாயைத் திறந்து இன்னொரு தட்டுச் சாப்பாடு கேட்டான்.

அடுத்த திங்கட்கிழமை அவர்கள் மறுபடி வந்தார்கள். இன்ஜினீயருக்குச் சட்டை தொளதொளவென்று இருந்தது. கடிகாரம் மறுபடி ஆடியது. இன்னொரு கண்ணி கழன்றது, அதுவும் அவளிடமே தங்கியது. சொல்லி வைத்தது போலத் தம்பியின் செயினும் அதற்குள் இறுக்கமாகியிருந்தது; அதையும் அதில் கோத்தாள். அவனுக்குக் கன்னம் எழுந்துவிட்டது. மூச்சு வாங்காமல் மாடிப்படி ஏறினான். சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று அவள் சந்தோஷத்தில் அழுதாள்.

மூன்றாவது திங்கட்கிழமை இன்ஜினீயர் தடி ஊன்றி வந்தார். அம்மாவின் அதட்டலெல்லாம் எங்கோ போயிருந்தது. "இன்னும் ஒண்ணு எடுத்துடும்மா, கழண்டு விழுது" என்று மட்டும் சொல்லிவிட்டு, அவருக்குக் குடிக்கத் தண்ணீர் வாங்கக் கீழே போனார்.

ஒத்தக்கண்ணு மூன்றாவது கண்ணியைக் கழற்றிவிட்டுக் கடிகாரத்தை அவர் கையில் மாட்டினாள். சுண்டுவிரல் கச்சிதமாக நுழைந்தது. லென்ஸை எடுக்கவில்லை. அதனால்தான் பார்த்தாள். செயினை ஒட்டியிருந்த தோல் மெல்லச் சுருங்கியது. சதை உலோகத்தை விட்டு உள்ளே, இன்னும் உள்ளே போனது. அவள் இரண்டு தடவை மூச்சு விடுவதற்குள் கடிகாரம் வழுக்கி அவர் உள்ளங்கைக்கு வந்துவிட்டது.

ஐயோ! கை மெலிந்து கண்ணி கழலவில்லை. கண்ணி கழன்றுதான் கை மெலிகிறது.

"நீயும் பாத்துட்டியா?" என்று கேட்டார் இன்ஜினீயர், தணிந்த குரலில். "நான் நல்லாத்தாம்மா சாப்பிடுறேன். ஆனா வயிறு வேற எங்கயோ ரொம்புது. கண்ண மூடினா, காது உடைஞ்ச நீலக் கோப்பையில தண்ணி குடிக்கிறேன். எங்க வீட்டுல அப்படி ஒரு கோப்பையே கிடையாது."

அந்தக் கோப்பை அவள் வீட்டில் இருந்தது. தம்பியுடையது. கழுவும்போது காதை உடைத்தவளே அவள்தான்.

மேசையில் கிடந்த மூன்றாவது கண்ணியைத் திரும்பச் செயினில் சேர்த்து மாட்டினாள். மணிக்கட்டு அதற்குத் தகுந்தாற்போல் நிரம்பியது. அவர் பெருமூச்சு விட்டார்.

"இன்னும் ரெண்டு இருக்குமேம்மா."

அதட்டிக் கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை, கெஞ்சினார். அந்த இரண்டும் தம்பியின் கையில் இருந்தன. அவற்றை எடுத்தால் அவன் பழையபடி கட்டிலில் விழுவான், இந்தத் தடவை எழுந்திருக்க மாட்டான். 'தொலைஞ்சு போச்சு சார்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

அப்போது அம்மா தண்ணீரோடு வந்தார். கணவர் வாயருகே பாட்டிலைச் சாய்த்துப் பிடித்து, முகவாயைக் கையாலேயே துடைத்துவிட்டார். "குடிங்க. உங்களுக்கு ஒண்ணும் ஆகாது. இனிமே ஆடினா ஆடட்டும், நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்."

நாக்கு நுனியில் நின்ற பொய்யை ஒத்தக்கண்ணு விழுங்கினாள். தன் கையிலிருந்த கடிகாரத்தை அவிழ்த்தாள். அதே ரகம், அதே அகலம். திருகைச் சூடு காட்டித் தளர்த்தி, ஒன்று, இன்னொன்று என்று கழற்றி அவர் செயினில் கோத்தாள். பூட்டினாள். 'டிக்.'

இன்ஜினீயர் நிமிர்ந்து உட்கார்ந்தார். முகத்தில் ரத்தம் ஏறியது. அம்மா செயினுக்கடியில் தன் சுண்டுவிரலை நுழைத்துப் பார்த்து, சிரிப்பும் அழுகையுமாக, "சரியா இருக்கும்மா, சரியா இருக்கு" என்றார். தடியை அங்கேயே மறந்துவிட்டுப் போனார்கள்.

இரண்டு கண்ணி குறைந்த தன் கடிகாரத்தை மாட்டியபோது அது அவள் சதையைக் கடித்தது. கடை மூடும் நேரத்துக்குக் கடிக்கவில்லை. வீட்டுப் படி ஏறும்போது முழங்கைக்கும் விரலுக்குமாக ஓடிக்கொண்டிருந்தது.

தம்பியே தட்டு வைத்துப் பரிமாறினான். நீலக் கோப்பையில் தண்ணீர் வைத்தான். அவள் வயிறு முட்டச் சாப்பிட்டாள். வயிறு நிரம்பவில்லை. காதோரம், அவள் பார்த்தே இராத ஏதோ ஒரு வீட்டில், அந்த அம்மாவின் குரல் கேட்டது: "மெதுவா சாப்பிடுங்க, யாரும் பிடுங்கிக்க மாட்டாங்க."

தம்பி அவள் கையைப் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான்.

"என்னக்கா, வாட்ச் இப்படி ஆடுது? ஊருக்கெல்லாம் கழட்டி விடுறே, நீ ஒரு கண்ணி கழட்டிக்கக் கூடாதா? குடு, நானே எடுத்து விடுறேன்."

அவள் கையை வெடுக்கென்று இழுத்து மடியில் ஒளித்துக்கொண்டாள்.

"வேண்டாம்டா" என்றாள். "ஆடினா ஆடட்டும்."