கடைசி அத்தியாயம் மாறிய வெள்ளிக்கிழமை

1993 ஆவணியில், போத்தனூர் கோவிந்தராஜுலு எழுதிய தொடர்கதை படமாகி வெளியான வெள்ளிக்கிழமை, அதன் கடைசி அத்தியாயம் எல்லாப் பிரதிகளிலும் தானாக மாறியது. வாரப்பத்திரிகையிலிருந்து பெண்கள் கிழித்துப் பைண்டு செய்து வைத்திருந்தவற்றிலும், வாடகை நூலகப் புத்தகங்களிலும், அதுவரை அடிக்கிற கணவனை விட்டு ரயிலேறியிருந்த மில் தொழிலாளிப் பெண், படத்தில் வந்தபடியே, மழையில் அவன் காலில் விழுந்து கிடந்தாள். படம் மோசம் என்று பார்த்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். கதையே அப்படித்தான் என்று மறுவாரம் அவர்களே சொன்னார்கள்.

படத்துக்காக முடிவை மாற்றிக்கொள்ளச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டவர் கோவிந்தராஜுலுதான். "சனங்க அழுதுட்டு வெளிய வரோணுமுங்க" என்றார் தயாரிப்பாளர். சுவரொட்டியில் தன் பெயர் வரும் என்ற ஆசை இவருக்கு. வந்தது, அச்சகத்தின் பெயருக்கு மேலே, அதே அளவில்.

படம் வெளியான பத்தாம் நாள் காரமடையிலிருந்து மாசாணியம்மாள் என்ற தையல்காரி அவர் வீட்டுக்கு வந்தாள். ஆறு வருடங்களுக்கு முன் அந்த அத்தியாயத்தைப் படித்த அன்றே அன்னூரில் புருஷனை விட்டுக் கிளம்பியவள். இப்போது தினமும் மதியக் காட்சி முடியும் நேரத்தில் அவள் கால்கள் அவளைக் கேட்காமல் அன்னூர்ச் சாலையில் நடந்தன. பக்கத்து வீட்டார் அவளைத் தையல் மிஷினோடு கட்டிப்போட்டார்கள். கால்கள் மிஷினையும் இழுத்துக்கொண்டு போயின.

"ஏனுங்க, உங்க கதைய நம்பித்தானுங்க அவன உட்டுட்டு வந்தேன். தெனமும் கொஞ்சம் கூடத் தூரம் போய்த்தான் காலு நிக்குது. நேத்து அவன் வீதி முக்கு வரைக்கும் போயிட்டேன். அவன் திருந்துற ஆளில்லீங்க."

அவள் கொண்டுவந்த பிரதியில் அவர் பேனாவால் திருத்தினார். மை காய்வதற்குள் எழுத்துகள் பெண்ணை மீண்டும் காலில் விழவைத்தன. மணி ஐந்தரை ஆனது, மதியக் காட்சி முடிந்தது. அவள் கால்கள் எழுந்து வாசலுக்கு நடந்தன. வேறு வழி தெரியாமல், கதைப் பெண் ரயிலேறும் பழைய முடிவை அவர் வாயால் சொன்னார். கால்கள் நின்றன. பிறகு யார் யாரோ சொல்லிப் பார்த்தார்கள். கையெழுத்துப் போட்டவர் குரலுக்கு மட்டுமே அவை கட்டுப்பட்டன.

படம் தியேட்டரை விட்டு எடுக்கப்படும்வரை தினமும் காரமடைக்குப் போய்ச் சொன்னார். டூரிங் கொட்டகைகளில் ஓடியபோதும் போனார். படத்தைத் தொலைக்காட்சி வாங்கியது, பிறகு கேபிள்காரர்கள் நினைத்தபோதெல்லாம் போட்டார்கள்; அப்போதும் போனார். அவர் புதிதாக எதையும் எழுதவில்லை.

"மன்னிச்சிரு அம்மணி" என்றார் ஒருமுறை, ஐந்து வருடம் கழித்து.

"அத அப்பறம் பாக்கலாமுங்க. மொதல்ல அவள ரயிலேத்தி உடுங்க" என்றாள், ரவிக்கைக்குக் கை பொருத்தியபடி.

ஏற்றிவிட்டார். அவர் பேருந்திலிருந்து இறங்குவதைப் பார்த்தால், இன்று டிவியில் அந்தப் படம் என்று காரமடைக்காரர்கள் தெரிந்துகொள்வார்கள்.