பாதி வரித் தீர்மானம்

நகராட்சியில் நான் கொண்டுவந்த தீர்மானம் இதுதான். எழுபது வயது கடந்து, ஆதரவில்லாமல் சொந்த வீட்டில் இருப்பவர்களுக்கு வீட்டு வரியைப் பாதியாகக் குறைக்க வேண்டும். எங்கள் தெரு ஸ்பானர் மாமாவை நினைத்துத்தான் அதை எழுதினேன். லாரிப் பட்டறையில் முதுகொடிய உழைத்துக் கட்டிய இரண்டு அறை வீடு அவருடையது. வரிப் பாக்கி குட்டி போட்டு, ஏல நோட்டீஸைக் கதவில் ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள். மகன் வெளியூரில் பெரிய வேலையில் இருக்கிறான். அம்மாவை அடக்கம் செய்துவிட்டுப் போனவன், அப்புறம் ஒரு போன்கூடச் செய்யவில்லை.

ஜவுளிக்கடைக்கார உறுப்பினர் எதிர்த்தார். அவருக்கு வாய் நீளம். பெற்றவர்களைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்ளாத ஊரா இது, எல்லாருக்கும் குறைத்தால் தெருவிளக்குக்கு யார் கொடுப்பது என்று கேட்டார். பாதிப் பேர் தலையாட்டினார்கள். தலையாட்டக் காசா, பணமா?

மாமா பேசினால் கல்லும் கரையும் என்று நம்பி அவரைக் கூட்டி வந்திருந்தேன். உள்ளதை உள்ளபடி சொன்னால் போதும் என்று வழியெல்லாம் சொன்னேன். அவரும் சரி சரி என்றார்.

மைக் அவர் கைக்குப் போனதும் ஜவுளிக்கடைக்காரர் முந்திக்கொண்டார்.

"ஐயா, ஒரே கேள்வி. உங்க பையன் உங்களைக் கவனிக்கிறதில்லையா?"

பார்வையாளர் வரிசையில் எங்கள் தெருவே உட்கார்ந்திருந்தது. மாமா அவர்களைப் பார்த்தார்.

"யார் சொன்னது? மாசம் பொறந்தா பணம் வந்துடும். தங்கமான பிள்ளை."

நான் உடனே எழுந்து மறுத்திருக்கலாம். அத்தனை பேர் முன்னால் ஒரு தகப்பனைப் பொய்யன் என்று எந்த வாயால் சொல்வது? தீர்மானம் தோற்றது. ஊரில் உள்ள மற்ற கிழவர்கள் வாயிலும் சேர்த்து மண் விழுந்தது.

வெளியே வந்ததும் மாமாவைப் பிடித்துக்கொண்டேன். மானம் சோறு போடுமா என்று கேட்டேன். இன்னும் என்னென்னவோ கேட்டேன்.

"நான் பெத்தவன்மா. ஊர் காறித் துப்புறதுக்கு அவனை நானே எப்படிக் கொடுப்பேன்?"

வீடு ஏலம் போனது. பாக்கியும் பழைய கடன்களும் போக அவருக்கு மிஞ்சியது ஒரு பெட்டித் துணிதான். மகன் கூப்பிட்டுவிட்டான் என்று தெருவில் எல்லாரிடமும் சொல்லிவிட்டு என் வண்டியில் ஏறினார். நாங்கள் போனது ஊருக்கு வெளியே இருந்த இலவச முதியோர் விடுதிக்கு. பிள்ளை இல்லாதவர்களை மட்டும்தான் அங்கே சேர்ப்பார்கள் என்று வழியில் சொன்னேன்.

விடுதிப் பெண் நல்லவள். உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்துவிட்டு, பிள்ளைகள் உண்டா என்று கேட்டாள். மாமா டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஒரு பையன் இருந்தான்மா. தவறிட்டான்."

சொன்ன கையோடு உடைந்து அழுதார். நிஜமாகவே பிள்ளையைப் பறிகொடுத்தவரின் அழுகை அது. அந்தப் பெண் கலங்கிப்போய் என்னைப் பார்த்தாள். ஆமாம் என்றேன்.