மூக்கரின் பீப்பாய்

மூன்றாவது சொட்டு விழுந்ததும் "போதும், நிறுத்து" என்றார் அண்ணன்.

தம்பி மருந்துச் சொட்டுக்குழாயைத் தட்டில் வைத்தான். கண்ணாடிக் கோப்பையில் விஸ்கி ஒரு மிடறுக்கு மேல் இருக்காது. தண்ணீர் விழுந்த இடத்தில் எண்ணெய் போல ஏதோ நெளிந்து கரைந்தது.

"இதுக்குப் போய் சொட்டுக் கணக்கா? கண்ணுக்கு மருந்து விடற மாதிரி."

"பீப்பாயில இருந்து அப்படியே எடுத்த சரக்குடா. நூத்துக்கு அறுபது ஆல்கஹால். சும்மா மோந்தா மூக்கு மரத்துப் போயிரும். ரெண்டு சொட்டு தண்ணி பட்டாத்தான் வாயைத் திறக்கும். கொட்டினா மூழ்கிரும்."

வாக்கியத்துக்கு வாக்கியம் அவருக்கு மூச்சு வாங்கியது. காலையில் வந்த நர்ஸ், இன்றோ நாளையோ என்று வாசலில் வைத்துச் சொல்லியிருந்தாள். நான்கு மணிக்கு மறுபடி வருவாள். மூன்று நாளாகக் கண் மூடாத அண்ணி பக்கத்து அறையில் அடித்துப் போட்டது போலக் கிடந்தாள். அவளை எழுப்ப வேண்டாமென்று அண்ணன் சைகை காட்டியிருந்தார். தம்பிக்கும் உடம்பு கெஞ்சியது. தேய்ந்த டயர்களுக்குப் புதுத் தோல் ஒட்டும் கடை அவனுடையது. அதைப் பாதி வேலையில் பூட்டிவிட்டு வந்திருந்தான். வந்ததும் வழக்கம் போல இரண்டு முறை சோப்புப் போட்டுக் கைகழுவினான்.

அண்ணனுக்கு விஸ்கிக் கிடங்கில் வேலை. பீப்பாய்களை முகர்ந்து பார்த்து நல்லது கெட்டது சொல்வது. அங்கே அவருக்கு மூக்கர் என்று பெயர். குடித்ததை விடத் துப்பியதுதான் அதிகம். சிகிச்சை ஆரம்பித்ததும் முதலில் போனது அந்த மூக்கு.

பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னால் ஒரு பீப்பாயைக் கழித்துவிடச் சொன்னார் கிடங்கு மேலாளர். மரம் கெட்டுப் போச்சு என்றார். மூக்கர் பீப்பாய்க்குள் தலையை விட்டு முகர்ந்துவிட்டு, நல்ல மரம், நான் பொறுப்பு என்றார். அவர் சொல்லை நம்பி நிரப்பினார்கள். போன மாதம் அதைத் திறந்தபோது அவர் படுக்கையில் இருந்தார். கிடங்கிலிருந்து ஒரு புட்டி வந்தது. சரக்கு எப்படி வந்திருக்கிறது என்று யாரும் ஒரு வரி எழுதவில்லை.

"போன் போட்டுக் கேட்டா முடிஞ்சது" என்றான் தம்பி.

"சாகப் போறவன்கிட்ட எவன் நிஜம் சொல்லுவான்? நீதான் மூஞ்சிக்கு நேரா சொல்றவன். என் கல்யாணத்துல, பொண்ணு மாப்பிள்ளையை விட உசரம்னு அத்தனை பேர் முன்னாடி சொன்னியே."

"உசரம்தானே."

அண்ணனின் வாயோரம் லேசாக அசைந்தது. "கோப்பையை உள்ளங்கையால மூடு. கைச்சூடு படட்டும். வாசனை வெளிய போகக் கூடாது. பத்து நிமிஷம்."

தம்பி மூடினான். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்ததில் ஒரு முறை தலை ஆடிப் போயிற்று.

"இப்ப மோந்து பாரு. கிணத்தை எட்டிப் பாக்கற மாதிரி மூக்கை உள்ள விடாதே. தள்ளிப் பிடி. வாயைக் கொஞ்சம் திறந்துக்கோ."

தம்பி முகர்ந்தான். "தேன்."

"பொய்."

"எல்லா விளம்பரத்துலயும் தேன்னுதானே போடறான்."

"விளம்பரத்தையா மோந்து பாக்கச் சொன்னேன்?"

தம்பி கண்ணை மூடிக்கொண்டு மறுபடி முகர்ந்தான். இந்த முறை வந்தது. சந்தேகமே இல்லை. இன்னொரு முறை முகர்ந்து பார்த்தான். பொய் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அண்ணன் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரப்பர்" என்றான்.

சமையலறையில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

"நல்லா பாத்தியா?"

"இருபத்தேழு வருஷமாச்சு. எனக்கு ரப்பர் தெரியாதா?"

"அந்த மேலாளரும் அதைத்தான் சொன்னான். கந்தகப் புகை போட்ட மரம், என்னைக்கிருந்தாலும் ரப்பர் அடிக்கும்னான்." கூரையைப் பார்த்தார். "முன்னூறு புட்டி. முன்னூறு வீட்டுக்குப் போயிருக்கும்."

"போனாப் போகுது விடுண்ணா. குடிக்கறவனுக்கு இதெல்லாம் எங்க தெரியப் போகுது?"

"தெரியும்."

கோப்பையைக் கண்ணால் காட்டி, "இன்னும் ரெண்டு சொட்டு விடு. சில வாடை போகப் போகப் பறந்துரும். மூடி வை. அவசரப்படாதே" என்றார்.

தம்பி இரண்டு சொட்டு விட்டான். உள்ளங்கையால் மூடினான். அண்ணன் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மூச்சு வந்தது. நின்றது. வந்தது. இடைவெளி கூடிக்கொண்டே போனது. அடுத்த மூச்சுக்காகத் தம்பி காத்திருந்தான். கடிகாரத்தில் மணி மூன்று. அதன் பிறகும் கோப்பையிலிருந்து கையை எடுக்கவில்லை.

அவனே போய் அண்ணியை எழுப்பினான். அவள் வந்து கட்டிலோரம் உட்கார்ந்தாள். கணவரின் கண்களை மூடினாள். போர்வைச் சுருக்கத்தை நீவி விட்டாள். அழக்கூடத் தெம்பில்லாதவள் போல இருந்தாள். மகளுக்குப் போன் செய்து இரண்டே வார்த்தை பேசினாள். அப்புறம்தான் புட்டியைப் பார்த்தாள்.

"திறந்தாச்சா?"

தக்கையை எடுத்து முகர்ந்தாள். "பேரீச்சம்பழம் மாதிரி இருக்கே. வெயில்ல காய வச்ச பழம்."

தம்பி அவள் கையிலிருந்து புட்டியை வாங்கினான். தள்ளிப் பிடித்தான், வாயைக் கொஞ்சம் திறந்துகொண்டான். பேரீச்சம்பழம். அதற்குப் பின்னால் வெல்லப்பாகு. பின்னும் தேடினான். ரப்பர் இல்லை. வலது உள்ளங்கையை மூக்கருகே கொண்டு போனான். அங்கே இருந்தது. பிறகு அந்தக் கையை இறக்கி முழங்காலில் கவிழ்த்து வைத்துக்கொண்டான்.

"அவர் கேட்டாரா?" என்றாள் அண்ணி.

"கேட்டார்."

"என்ன சொன்னீங்க தம்பி?"

அவள் கண்கள் வீங்கியிருந்தன. போர்வையின் நுனி இன்னும் அவள் விரல்களுக்குள் இருந்தது.

"நல்லா வந்திருக்குன்னு சொன்னேன்."

"காதுல விழுந்துச்சா அவருக்கு?"

"விழுந்துச்சு."

"அப்பாடா" என்றாள். "ஒரு மாசமா அதே நினைப்புதான். தூக்கத்துலகூட அந்தப் பீப்பாய்தான்."

வெளியே படியேறும் சத்தம் கேட்டது. தம்பி கட்டிலுக்கு முதுகைக் காட்டி நின்றான். புட்டியை அப்படியே வாயில் கவிழ்த்து, வாய் கொள்ளுமளவு வாங்கிக்கொண்டான். நாக்கும் ஈறும் தீப்பிடித்தன.

நர்ஸ் உள்ளே வந்தாள். செருப்பை ஓரமாகக் கழற்றினாள். அண்ணனின் மணிக்கட்டைச் சற்று நேரம் பிடித்திருந்துவிட்டுக் கீழே வைத்தாள். பையிலிருந்து தாளையும் பேனாவையும் எடுத்தாள்.

"எத்தனை மணிக்கு?"

தம்பி விழுங்கவில்லை, துப்பவும் இல்லை. மூன்று விரல்களைத் தூக்கிக் காட்டினான்.