கயிறு அவிழ்த்த மடல்

உச்சிவேளை. வெயில் உருக்கிய ஈயம்போலக் கூரைதோறும் வழிந்து, சுவர்தோறும் உறைந்து நிற்க, ஆற்றின் இருகரையிலும் அடுக்கடுக்காய் எழுந்த அந்தப் பெருநகரம், உண்டு களைத்த யானையென மூச்சடக்கிக் கிடந்தது. மேற்கரையில், வெண்கல் தூண்கள் வானை முட்ட, நாட்டுத் தலைவரின் மாளிகை. கீழ்க்கரையில், காரை உதிர்ந்து செங்கல் பல்லிளிக்க, ஐந்து மாடிப் பழைய குடியிருப்பு ஒன்று. இடையே பாலம் கடந்தால் அரை நாழிகை நடைதான். கற்றறிந்தவர்களே, அந்த அரை நாழிகையை நடக்க வேண்டியவர் ஒருவர் நடக்கவில்லை. நான் சொல்லப்போவது அவ்வளவே.

மாளிகையின் பின்கட்டில், பகலிலும் விளக்கெரியும் நீண்ட அறையில், மடல்கூடம் இருந்தது. "குடிமக்கள் தம் கருத்தையும் கவலையையும் எனக்கே எழுதுக" என்று தலைவர் அறிவித்த நாள்தொட்டு, மழைக்கால ஈசல்போல மடல்கள் வந்து குவிந்தன. தெருவிளக்கு எரியவில்லை என்று ஒருவர், பள்ளி தொடங்கும் வேளையை மாற்றுக என்று ஒருவர், என் மருமகளைக் கொஞ்சம் கண்டித்து எழுதுக என்று ஒரு மாமியார். இவற்றையெல்லாம் பிரித்துப் படித்து, உரிய துறைக்கு ஒரு படி அனுப்பி, எழுதியவர்க்கு விடை விடுப்பவர் ஓர் எழுத்தர். மூக்குக்கண்ணாடியின் ஒரு காதை நூலால் கட்டியவர். திங்கள் முடிவதற்குள் எல்லா மடலுக்கும் விடை போயாக வேண்டும் என்பது மேலிடத்துக் கட்டளை. துறையோ ஆமை. ஆகவே, வேலை எப்படியும் நடந்துவிடும் என்று தம்மைத் தாமே தேற்றிக்கொண்டு, "தங்கள் குறை களையப்பட்டது" என்று அச்சிட்ட தாளில் தலைவரின் கையொப்ப அச்சைக் குத்தி அனுப்பிவிடுவார். கெட்ட மனிதர் அல்லர். கெட்டவராயிருந்தால் காறித் துப்பிவிட்டு நாம் நம் வழியே போயிருக்கலாம்.

கீழ்க்கரைக் குடியிருப்பின் முன்படிக்கட்டில், மூன்றாம் திருப்பத்தில், உள்ளங்கை நுழையும் அளவுக்கு விரிசல் ஓடியிருந்தது. கட்டடத்துக்கு உரியவர் அதன்மேல் காரையைப் பூசி, கண்ணுக்குத் தெரியாமல் மூடி, "சரியாயிற்று" என்றார். குடியிருந்தோர் அதை நம்பவில்லை. படியடியில் குறுக்காகத் தடித்த கயிறு ஒன்றைக் கட்டிவிட்டு, அடுக்களைத் தண்ணீர் ஒழுகி வழுக்கும் பின்புற இரும்புப் படியிலேயே, கைப்பிள்ளையும் குடமுமாய் ஏறியிறங்கினார்கள். நான்காம் மாடியில் இருந்த பூட்டுச் செய்பவர், எல்லார் சார்பிலும் தலைவருக்கு மடல் எழுதினார். இருபதாம் நாள் விடை வந்தது. களையப்பட்டது, கீழே கையொப்பம்.

முற்றத்தில் அனைவரும் கூடி அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தனர்.

"பூட்டுக்கார அண்ணே, கையெழுத்துக்கு ஒரு பூட்டுப் போட்டு வையுங்க, ஓடிடப் போவுது" என்றான் கீழ்வீட்டுத் தையற்காரன்.

"ஆளு யாரும் வந்த மாதிரியே தெரியலையே?" என்றாள் பூட்டுக்காரர் மனைவி.

"நாம வேலைக்குப் போன நேரத்துல வந்திருப்பாங்க. அடியில இரும்பு குடுத்திருப்பாங்க. கட்டடக்காரன் சொன்னா நம்ப வேணாம். தலைவரே எழுதியிருக்காரே, அவருக்கு என்னடி நம்மகிட்ட பொய் சொல்ற வேலை?"

சொன்ன பூட்டுக்காரர் தம் கையாலேயே கயிற்றை அவிழ்த்தார். பிள்ளைகளை ஏறவிடாமல், "நான் முதல்ல" என்று சிரித்துக்கொண்டே ஏறினார். நண்பகல், மேலே சோறு ஆறிக்கொண்டிருந்தது. மூன்றாம் திருப்பத்தில் படி வாய்திறந்து அவரை விழுங்கிற்று.

நாற்பது நாள் கழித்து, தலைவர் குடிமக்களை நேரில் கண்டு குறை கேட்கும் நாள் வந்தது. வாயிலில் பதிவேட்டோடு அமர்ந்திருந்தார் நம் எழுத்தர். வரிசையில் வந்து நின்றாள் பூட்டுக்காரர் மனைவி. ஒரு கையில் மடல். மறுகையில் சுருட்டிய கயிறு.

"களையப்பட்ட குறைன்னு இருக்கே அம்மா. தீர்ந்ததை மறுபடி உள்ள விட மாட்டாங்க."

"தீர்ந்துதான் போச்சு ஐயா. தீர்த்தது யாருன்னு கேக்கத்தான் வந்தேன்."

அவள் நடந்ததைச் சொன்னாள். அழவில்லை, கடைக்குப் போன கணக்கைச் சொல்வதுபோலச் சொன்னாள். எழுத்தர் பதிவேட்டில் தம் கையெழுத்தைப் பார்த்தார். "களையப்பட்டது" என்ற அந்தச் சொல்லை அடித்தால், பொய் எழுதியவர் இன்னார் என்பது வெளிப்படும். இருபத்திரண்டு ஆண்டு வேலை போகும். அடிக்காவிட்டால், இவள் வந்த வழியே திரும்பிப் போவாள். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தனர். எழுதுகோல் தாளில் இறங்கி, அச்சொல்லை ஒரே கோட்டில் அடித்தது.

அவள் உள்ளே சென்றாள். தலைவர் கேட்டார்; நன்றாகவே கேட்டார், கண்ணும் கலங்கினார் என்கிறார்கள். என்ன வேண்டும் என்றதற்கு, "இத நீங்க எழுதலைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று மடலை அவர்முன் வைத்தாள். கையொப்பம் அவருடையது. எழுதவில்லை என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை; எழுதினேன் என்று சொல்லவும் வரவில்லை. "படிக்கட்டைக் கட்டிக் கொடுங்கள்" என்று அருகிருந்தோரிடம் சொன்னார்.

கட்டினார்கள். கருங்கல், இரும்பு, புதுக்காரை. இம்முறை மெய்யாகவே கட்டினார்கள். ஆனால் அவள் கயிற்றை மீண்டும் குறுக்கே கட்டிவிட்டாள். அதை அவிழ்க்க ஒரு கையும் எழவில்லை. புதுப்படியில் நாள்தோறும் உச்சிவேளையில், மூன்றாம் திருப்பம்வரை யாரோ ஏறும் காலடி கேட்கிறதென்றும், அதற்குமேல் கேட்பதில்லையென்றும் குடியிருந்தோர் பேசிக்கொண்டனர்.

மேலிடம் எழுத்தரை வேலையைவிட்டு நீக்கியது. நீக்குமுன் கடைசி வேலையாக, கயிற்றை அவிழ்க்கச் சொல்லும் மடலோடு அவரையே அனுப்பியது. அன்றுதான் அந்த அரை நாழிகையை அவர் முதன்முதலாக நடந்தார். கல்லைத் தட்டிப் பார்த்தார். இரும்பை அசைத்துப் பார்த்தார். மலைபோல் நின்றது.

"இப்போ நெசமாவே சரியாயிடுச்சு அம்மா. என் கண்ணால பார்த்துட்டேன்."

"அப்போ நீங்க முதல்ல ஏறுங்க ஐயா. அவரும் முதல்லதான் ஏறினாரு."

எழுத்தர் கயிற்றைத் தாண்டினார். ஒரு படி. இரண்டு படி. உச்சிவேளை வெயில் திருப்பத்தில் விழுந்து கிடந்தது. மேலே, அவருக்கு முன்னால், யாரோ விரைந்து ஏறும் ஓசை. ஆறிப்போகும் சோற்றுக்கு விரைபவனின் ஓசை. பிறகு ஓசை நின்றது. அவருடைய காலும் நின்றது. கல் உறுதியானது என்று கண் சொல்லிற்று, கை சொல்லிற்று, கால் கேட்கவில்லை. மெல்லப் பின்னோக்கி இறங்கி, கயிற்றைத் தாண்டி, கொண்டுவந்த மடலை நான்காய் மடித்துத் தம் பையிலேயே போட்டுக்கொண்டு வெளியேறினார். கூடியிருந்தோரில் ஒருவரும் சிரிக்கவில்லை.

அந்தப் படிக்கட்டு இன்றும் இருக்கிறது. ஒரு கல் பெயரவில்லை. அதன்பின் ஒரு காலும் படவில்லை. பிள்ளைகள் வழுக்கும் இரும்புப் படியிலேயே ஏறி வளர்ந்துவிட்டார்கள். இடிந்த கல்லைக் கொத்தன் ஒரு திங்களில் அடுக்கிவிடுவான். இடிந்த சொல்லை அடுக்கும் கொத்தனை நான் கண்டதில்லை. காலடி ஓசை மெய்யா என்று கேட்பீர்கள். நான் கேட்டதில்லை. ஆனால் நானும் அந்தக் கயிற்றைத் தாண்டியதில்லை.